உஷார்! உங்கள் குடும்பத் தொழில் வாய்ப்பேச்சிலேயே நடக்கிறதா?

புனே விமான் நகரில் குடும்பமாகத் தொழில் செய்யும் தமிழர்களிடம் அவசரமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. சிம்பயோசிஸ் மாணவர்களை நம்பி ஒரு பி.ஜி. விடுதி, ஐ.டி. கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் கேட்டரிங், ஏர்போர்ட் சவாரிக்கு நாலு கார், தம்பி பார்த்துக்கொள்ளும் இன்டீரியர் கான்ட்ராக்ட் என்று ஒரே குடும்பம் நாலு வியாபாரம் நடத்துவது இந்தப் பகுதியில் சாதாரணம். கூடவே கணபதி விழாவுக்கு அன்னதானம், வாட்ச்மேன் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், சொந்த ஊரில் கோயில் திருப்பணி. உழைக்கிறார்கள், கொடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் எது யாருடையது, எந்தக் கடனுக்கு யார் பொறுப்பு, தர்மத்துக்கு எந்தப் பணம் என்று எங்கேயும் எழுதியிருக்காது. அப்பாவுக்குத் தெரியும், பெரியண்ணனுக்குத் தெரியும். அத்தோடு சரி.

அந்த அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டதென்றால் தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாமல் படியுங்கள்.

"எங்கள் வீட்டில் சண்டையெல்லாம் வராது" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இதே புனே நகரத்தின் கிர்லோஸ்கர் குடும்பத்தைப் பாருங்கள். லக்ஷ்மண்ராவ் கிர்லோஸ்கர் 1888-இல் பெல்காமில் சைக்கிள் கடை வைத்துத் தொடங்கினார். பிறகு இரும்புக் கலப்பை செய்தார். 1910-இல் ஔந்த் சமஸ்தான ராஜா கொடுத்த வறண்ட நிலத்தில் தொழிற்சாலையோடு ஓர் ஊரையே எழுப்பினார். அதுதான் கிர்லோஸ்கர்வாடி. சிறைத் தண்டனை முடித்து வந்தவர்களை நம்பிக் காவல் வேலை கொடுத்தார். தீண்டாமையை அந்த ஊருக்குள் விடவில்லை. குடும்பத்தின் அச்சகத்திலிருந்து பெண்களுக்காக 'ஸ்த்ரீ' என்ற மராத்தி இதழ் வந்தது. பம்பு, டீசல் எஞ்சின், கம்ப்ரசர் என்று தொழிலும் கிளை பிரிந்தது. தொழிலும் சமூக அக்கறையும் சேர்ந்தே வளர வேண்டும் என்பதற்கு இந்தியாவில் இதைவிடப் பெரிய முன்மாதிரி அதிகம் இல்லை.

அந்தக் குடும்பத்தினர் 2009 செப்டம்பரில் யாருக்கு எந்த நிறுவனம் என்று குடும்ப உடன்படிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வாய்ப்பேச்சோடு விடவில்லை, பத்திரமே போட்டார்கள். அப்படியும் சண்டை வந்தது. 2017-இல் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனம் அகமதாபாத்தின் லா-கஜ்ஜர் என்ற பம்பு கம்பெனியை வாங்கியது. பம்பு தயாரிக்கும் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் நிறுவனத்தை நடத்தும் சஞ்சய் கிர்லோஸ்கர், ஒருவர் தொழிலில் இன்னொருவர் போட்டிக்கு வரக் கூடாது என்ற உடன்படிக்கை இதனால் மீறப்பட்டது என்றார். அவருடைய சகோதரர்களான அதுல், ராகுல் கிர்லோஸ்கர் தரப்போ, குடும்பத்தார் தனி மனிதர்களாகப் போட்ட கையெழுத்து கம்பெனிகளைக் கட்டுப்படுத்தாது என்றது. 2018-இல் புனே சிவில் நீதிமன்றத்தில் வழக்கு. அது பம்பாய் உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. சமரசம் பேசிப் பாருங்கள் என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிப் பார்த்தது. பிறகு குடும்பப் பெயரையும் லோகோவையும் பற்றிய பூசல். அந்த உடன்படிக்கையைப் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் செபி சொன்னபோது அதை எதிர்த்தும் நீதிமன்றப் படி ஏறினார்கள்.

யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நாம் பார்க்க வேண்டியது வேறு. நாட்டின் முதல் தர வக்கீல்களை வைத்துக்கொள்ளக்கூடிய குடும்பத்துக்கே, இந்தப் பத்திரம் ஆளைக் கட்டுமா, கம்பெனியைக் கட்டுமா என்ற ஒரு கேள்வி தெளிவில்லாமல் போய், ஆண்டுக்கணக்கில் வழக்காகிவிட்டது. உங்கள் கேட்டரிங் யூனிட் தம்பி பெயரில், அடுப்பும் பாத்திரமும் அண்ணன் பணத்தில், இடம் அம்மா பெயரில், வண்டிக் கடன் மைத்துனன் பெயரில். இதற்கு வெள்ளைத்தாளில்கூட ஒரு வரி கிடையாது. நாளைக்கு ஒருவர் பிரிய நினைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். எனக்கு இதை எழுதும்போதே பதைப்பாக இருக்கிறது.

வெள்ளைத்தாளில் எழுதிவைத்திருக்கிறோம் என்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். குடும்பத்துக்குள் பேசி முடித்ததை நினைவுக் குறிப்பாக எழுதி வைப்பதைச் சட்டம் ஏற்கும். ஆனால் வீடு, நிலம், கடை என்று அசையாச் சொத்தில் உரிமையை அந்தத் தாளே உண்டாக்குகிறது என்றால் அது பதிவாக வேண்டும். பதிவாகாத பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு நீதிமன்றம் போனால் அந்தத் தாள் கைகொடுக்காமல் போகலாம்.

அடுத்த ஆபத்து நாமினி. "எல்லாவற்றிலும் பெரியவனைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறேன், அதனால் பிரச்சினை இல்லை" என்று சொல்லும் அப்பாக்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். காலண்டர் மாட்டாத மராத்தி வீடு இல்லை என்னும்படி 'கால்நிர்ணய்' காலண்டரைக் கொண்டுவந்தவர் ஜெயந்த் சால்காவ்கர். அவர் 2011-இல் உயில் எழுதினார், 2013-இல் காலமானார். அவர் மியூச்சுவல் ஃபண்ட் போன்றவற்றில் காட்டியிருந்த நாமினிகளுக்கும் வாரிசுகளுக்கும் இடையே வழக்கு மூண்டது. பத்து வருஷம் கழித்து, 2023 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பங்குகளுக்கு நாமினியாக இருப்பவர் அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், சொத்து உயில்படியோ வாரிசுரிமைச் சட்டப்படியோதான் போகும். நாமினி என்பவர் கம்பெனியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் கை, அவ்வளவே.

உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய தாய், எல்லோரும் முதல் வரிசை வாரிசுகள், எல்லோருக்கும் சம பங்கு. தொழிலைத் தோளில் சுமந்த தம்பிக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. இருபது வருஷம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமையல் கூடத்தைத் திறந்தவர் அவராகவே இருந்தாலும், அண்ணன் பெயரில் உள்ள தொழிலில் அவருக்குச் சட்டப்படி காலணா கிடையாது. இரண்டே பேர் பார்ட்னராக இருக்கும் நிறுவனம் ஒருவர் இறந்ததும் கலைந்துவிடும். தனி ஆள் பெயரில் உள்ள ஜி.எஸ்.டி. பதிவைக் கொண்டு அவர் போன பிறகு பில் போட முடியாது. வாரிசு தன் பெயரில் பதிவெடுத்து, வரி வரவை மாற்றிக்கொண்டுதான் தொடர வேண்டும். இதெல்லாம் காரியம் முடிவதற்குள் ஆடிட்டர் போனில் சொல்லும் செய்திகள். அப்போது கேட்டு ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுப் பெண்களைக் கணக்கில் சேர்க்காத குடும்பங்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். தமிழ்நாடு 1989-இலும் மகாராஷ்டிரா 1994-இலும் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தன. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. "அவளுக்குத்தான் கல்யாணத்தில் நிறையச் செய்துவிட்டோமே" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. சென்னையின் முருகப்பா குழுமம் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் தலைமுறைகளாகக் கொடுத்துவரும் குடும்பம். அங்கே எம்.வி. முருகப்பன் 2017-இல் காலமானபின், குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் தங்கள் கிளைக்கு இயக்குநர் இடம் வேண்டும் என்று அவருடைய மகள் வள்ளி அருணாசலம் கேட்டார். 2020-இல் பங்குதாரர் வாக்கெடுப்பில் அது தோற்றது. உலகப் பத்திரிகைகள் வரை பேச்சு போன பிறகு, 2023 ஆகஸ்டில்தான் சமரசம் ஆனது. மகளிடம் கேட்காமல் மகன்கள் மட்டும் உட்கார்ந்து எழுதும் பத்திரம் பின்னால் வரப்போகும் வழக்குக்கு அஸ்திவாரம்.

இப்போது சொல்வது நடுத்தரக் குடும்பங்களை வேரோடு சாய்க்கக்கூடியது: கேரண்டி. நாலு வியாபாரம் இருந்தால் பேங்க் ஒரு வியாபாரத்துக்குக் கடன் கொடுக்கும்போது மற்ற மூன்றை நடத்துபவர்களின் கையெழுத்தையும் கேட்கும். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று அண்ணன் தாளை நீட்டுவார். கேட்டால் மரியாதைக் குறைவு என்று தம்பி படிக்காமல் போடுவார், தம்பி மனைவியும் போடுவார். அது ஃபார்மாலிட்டி அல்ல. கேரண்டி கொடுத்தவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். வாங்கியவரிடம் முதலில் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் பேங்குக்கு இல்லை. கம்பெனிக் கடன்களுக்குக் கேரண்டி போட்டவர்கள் மீது திவால் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்க 2019 டிசம்பர் முதல் வழி திறந்திருக்கிறது. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேரண்டி போட்டவர் இறந்தாலும், அவர் விட்டுப்போகும் சொத்தின் அளவுக்கு அந்தப் பாரம் பிள்ளைகள் மேல் வரும்.

இன்டீரியர் கான்ட்ராக்டில் பில்டர் பணம் தராமல் இழுத்தடித்தால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விடுதியும் கேட்டரிங்கும் சேர்ந்து முழுகும் என்பதுதான் இதற்கு அர்த்தம். உங்கள் வீட்டில் யார் யார் எத்தனை இடத்தில் கேரண்டி போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? பேங்கில் எழுத்து மூலம் கேட்டால் கொடுப்பார்கள். கடனை அடைத்துவிட்டால் கேரண்டியிலிருந்து விடுவித்த கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். அடைத்துவிட்டோமே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

இனி தர்மம். நல்லது செய்கிற இடத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கவனம் தளர்ந்துவிடுகிறது. ஏமாற்றுபவர்கள் காத்திருப்பதும் அங்கேதான். "ஒரு லட்சம் நன்கொடை கொடுங்கள், ரசீது தருகிறோம், கமிஷன் போக மிச்சத்தை ரொக்கமாகத் திருப்பித் தந்துவிடுகிறோம், வரியும் மிச்சம்" என்று ஒருவர் வந்தால், டீ கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள். இதே வேலையைச் செய்ததாகச் சந்தேகத்துக்கு உள்ளான பதிவுபெற்ற சிறு கட்சிகள் மீது 2022 செப்டம்பரில் வருமான வரித் துறை நாடு முழுக்கச் சோதனை நடத்தியது. அந்த வலையில் கொடுத்தவர்களும் மாட்டுகிறார்கள். நேர்மையான டிரஸ்டாக இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை இல்லை. 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் என்ற மூன்றில் எதையாவது தொட்ட கம்பெனிகளுக்குத்தான் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக நலனுக்குச் செலவிடும் சி.எஸ்.ஆர். கட்டாயம். உங்களுக்கு அது இல்லாமல் இருக்கலாம். அதைச் சொல்லிப் பயமுறுத்தி "ரிஜிஸ்ட்ரேஷன் செய்து தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடமும் ஏமாற வேண்டாம். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

சொந்தமாக டிரஸ்ட் ஆரம்பித்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அப்பா பெயரில் டிரஸ்ட், அதன் வண்டியில் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், டிரஸ்ட் ஹாலை மருமகன் தன் கோச்சிங் கிளாஸுக்கு இலவசமாக எடுத்துக்கொள்வார். நிறுவியவர் குடும்பத்துக்கு டிரஸ்ட் சொத்தால் ஆதாயம் போனால் வரிவிலக்கே கைவிட்டுப் போகலாம். மகாராஷ்டிராவில் பொது டிரஸ்டுகளுக்கு 1950-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள அறநிலை ஆணையர் இருக்கிறார். டிரஸ்டி இறந்தாலோ மாறினாலோ 90 நாட்களுக்குள் மாற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். அறக்கட்டளை நிலத்தை விற்க முன் அனுமதி வேண்டும். தாத்தா இறந்து ஆறு வருஷம் ஆகியும் பதிவேட்டில் தாத்தாவே டிரஸ்டியாக இருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

2025 அக்டோபரில் புனே மாடல் காலனியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கப்பலும் விமானமும் கட்ட முனைந்த வால்சந்த் ஹிராசந்தின் தந்தை ஹிராசந்த் நேம்சந்த் பெயரில் அங்கே ஒரு ஜைன மாணவர் விடுதி இருக்கிறது. வெளியூரிலிருந்து படிக்க வரும் ஏழைப் பிள்ளைகளுக்காக 1958-இல் ஏற்பட்ட அறக்கட்டளை. அந்த நிலத்தை டிரஸ்டிகள் ஒரு கட்டுமான நிறுவனத்துக்குச் சுமார் 230 கோடி ரூபாய்க்கு விற்க முடிவு செய்து, அனுமதியும் வாங்கியிருந்தார்கள். உள்ளே கோயில் இருக்கிறது, படிக்கும் பிள்ளைகளுக்கான இடம் இது என்று ஜைன சமூகம் தெருவில் இறங்கியது. கட்டுமான நிறுவனம் விலகிக்கொண்டது. அந்த மாதம் முடிவதற்குள் விற்பனை ரத்தானது. ஊரே கவனித்ததால் நிலம் தப்பியது. விமான் நகரில் இன்றைக்குச் சதுர அடி என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். உங்கள் அப்பா நூலகத்துக்கென்று விட்ட ஃபிளாட்டை நாற்பது வருஷம் கழித்து எந்த ஊர் வந்து காக்கும்?

கோயம்புத்தூர் பீளமேட்டில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகள் 1926-இல் குடும்பச் சொத்தைப் பிரித்தபோது நாலாகப் பிரிக்கவில்லை, ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. ஒரு சகோதரனைப் போலவே அதற்கும் தனிப் பங்கு, தனி நிர்வாகம். அன்றைய மதிப்பில் 2 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். பி.எஸ்.ஜி. கல்லூரிகளும் மருத்துவமனையும் அந்த அறக்கட்டளையிலிருந்து வந்தவை. "லாபம் வந்தால் கொடுப்போம்" என்று விட்டிருந்தால், கெட்ட வருஷங்களில் முதலில் வெட்டுப்படுவது தர்மமாகத்தான் இருந்திருக்கும். நமக்கு ஐந்தில் ஒன்று முடியாது. நூறில் இரண்டு முடியும். அது எந்தக் கணக்கில் போகும், யார் கையெழுத்தில் வெளியே வரும், குடும்பம் பிரிந்தால் யார் கையில் இருக்கும் என்று இப்போதே எழுதிவிட வேண்டும். நகர் ரோட்டில் நீங்கள் தினமும் கடந்து போகும் ஆகா கான் மாளிகையை ஆகா கான் குடும்பம் 1969-இல் நாட்டுக்கே கொடுத்துவிட்டது. கஸ்தூர்பாவும் மகாதேவ் தேசாயும் உயிர் விட்ட இடம். கொடுத்தது முழுமையாகக் கொடுத்ததாக இருந்ததால் இன்றைக்கு அதில் யாரும் பங்கு கேட்க வழியில்லை.

இன்னொரு கேள்வியும் மிச்சம் இருக்கிறது. நாளைக் காலை அப்பா இல்லையென்றால் அந்த நாற்காலியில் யார்? புனேயின் தெர்மாக்ஸ் நிறுவனத்தை நடத்திய ரோஹின்டன் ஆகா 1996-இல் திடீரென்று இறந்தபோது மனைவி அனு ஆகா பொறுப்பேற்க வேண்டி வந்தது. நிறுவனம் சரிவைப் பார்த்தது. வெளியாட்களின் ஆலோசனையைக் கேட்டுத் தூக்கி நிறுத்தினார். 2004-இல் தானே விலகி, தலைமையை மகள் மெஹர் புதும்ஜியிடம் ஒப்படைத்தார். பிறகு ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குத் தன்னைக் கொடுத்தார். உடம்பில் தெம்பு இருக்கும்போதே நாற்காலியை விட்டதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். நம் வீடுகளில் செக் புத்தகம் ஐ.சி.யு. வாசல் வரை அப்பாவிடமே இருக்கிறது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் ஆட்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். இதைப் பேச்செடுத்தால் அப்பா மனம் நோகும் என்று தயங்காதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வையுங்கள், மகள்களையும் மருமகள்களையும் சேர்த்து. வெளியூரில் இருப்பவர்கள் வீடியோ காலில் வரட்டும். ஒவ்வொரு தொழிலும் யார் பெயரில், எந்தப் பணத்தில், எந்தக் கடனில் என்று ஒரே தாளில் எழுதுங்கள். அதைக் குடும்பத்தில் யாருக்கும் சார்பில்லாத வக்கீலிடம் காட்டுங்கள். அண்ணனுடைய வக்கீல் வேண்டாம். அப்பாவின் உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், சொத்தில் பங்கு பெறுபவர் யாரும் சாட்சியாக வேண்டாம். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லைதான், ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். வயது அதிகமென்றால் அன்றைய தேதியிலேயே ஒரு டாக்டரிடம் அப்பா தெளிவாக இருக்கிறார் என்று சான்று வாங்கி அதோடு சேர்த்து வையுங்கள். வக்கீல் எழுதிக் கொண்டுவரும் உடன்படிக்கையில் யார் யார் கட்டுப்படுகிறார்கள், ஆட்கள் மட்டுமா, கம்பெனிகளுமா, பிரிந்து போகிறவர் அதே தொழிலைப் பக்கத்துத் தெருவில் தொடங்கலாமா, கூடாதென்றால் எத்தனை வருஷத்துக்கு, சண்டை வந்தால் யார் மத்தியஸ்தம் என்ற வரிகள் இருக்கின்றனவா என்று நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.